யார் அந்த நாலு பேர்?



'சட்டம் பெரிதா, ஊர்வாய் பெரிதா?' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். திருவையாற்றில் நின்றுகொண்டு இதற்குப் பதில் தேடி நான் வேறெங்கே போக வேண்டும்? 1855-ல் இந்த ஊரில் பிறந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878-ல் 6 இளைஞர்கள் கூடி, 1 ரூபாய் 12 அணாவைக் கடன் வாங்கி, 80 பிரதி அச்சடித்து 'தி இந்து'வைத் தொடங்கினார்களே, அதில் முதல்வர் அவர். 'சுதேசமித்திரன்' பத்திரிகையும் அவர் தொடங்கியது. 1885-ல் காங்கிரசின் முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. (பலத்த கைதட்டல்) தட்டுங்கள், உங்கள் ஊர்க்காரர்!

அந்த மனிதருக்கு ஒரு மகள். விளையாடுகிற வயதில் தாலி அறுத்த மகள்.

கைம்பெண் மறுமணம் செல்லும் என்று சட்டம் வந்தது 1856-ல். ஐயர் அப்போது கைக்குழந்தை. அவர் வளர்ந்து, படித்து, பத்திரிகை நடத்தி, தன் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தது 1889-ல். இடையில் 33 வருஷம்! சட்டப் புத்தகத்தில் அனுமதி இருந்தது, வீதியில் இல்லை. கல்யாணம் எங்கே நடந்தது? திருவையாற்றில் இல்லை, சென்னையில் இல்லை. பம்பாயில், காங்கிரஸ் மாநாட்டுச் சமயத்தில். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அஞ்சாத அவரைச் சொந்த சாதியார் விலக்கி வைத்தார்கள்.

விலக்கு என்றால் என்ன? போலீஸ் வராது, சம்மன் வராது. கூப்பிட்ட புரோகிதர் வரமாட்டார். பந்தியில் பக்கத்து இலையில் ஆள் உட்காராது. வீட்டில் சாவு விழுந்தால் தோள் கொடுக்க நாலு பேர் இருக்கமாட்டார்கள். எந்த நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று ஆயுசு முழுக்கப் பயந்தோமோ, அதே நாலு பேர்!

ஐயருக்குச் சிலை வைக்கலாம், மாலை போடலாம், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் மணையில் போய் உட்கார்ந்தது யார்? அந்தச் சிறுமி. அப்பாவுக்குப் பத்திரிகை இருந்தது, பேர் இருந்தது. அவளுக்கு என்ன இருந்தது? அவளுக்காக ஒரு கூட்டம் போட்டிருக்கிறோமா?

பக்கத்து ஊர் மேடையில் போன மாதம் ஒருவர் பேசியிருக்கிறார். பேர் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும். (சிரிப்பு) 'ஊர்க்கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒழுக்கம் இருந்தது, அது மறுபடி வர வேண்டும்' என்றாராம். நானும் காவிரிக்கரைக்காரன்தான். வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் தூர்வாரிய குடிமராமத்தை எனக்கும் தெரியும். வராதவன் வெட்கப்பட்டான். அந்த வெட்கத்தால் தண்ணீர் கடைமடை வரைக்கும் போனது. அதை இரண்டு கையாலும் கும்பிடுகிறேன். அதே ஊர்தான் தேநீர்க் கடையில் ஒருவருக்குத் தனி டம்ளர் வைத்தது. அதே ஊர்தான் காதலித்தவர்களின் பெற்றோருக்குத் தண்ணீரை நிறுத்தியது. கட்டுப்பாடு வேண்டும் என்று முழங்குகிறவர் எந்தக் கட்டுப்பாடு என்று சொல்லட்டும்! இந்த மேடைக்கு வரட்டும், விடிய விடியப் பேசுகிறேன்! (கைதட்டல்)

மகாராஷ்டிரத்தில் ஊர்விலக்குக்கு எதிராகவே 2016-ல் தனிச் சட்டம் நிறைவேற்றினார்கள். இங்கேயும் வேண்டும். ஆனால் சட்டத்தால் பந்தியில் ஒரு ஆளை உட்கார வைக்க முடியாது.

ஒரு கல்யாணம் சொல்கிறேன். நான் கண்ணால் பார்த்தது. பெண்ணின் அம்மா கணவனை இழந்தவர். ராத்திரி முழுக்கக் காய் நறுக்கி, வந்தவர்களுக்குப் பாய் விரித்தவர், முகூர்த்த நேரத்தில் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். தாலி வைத்த தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வருகிறது. மணையில் இருந்த பெண் எழுந்தே விட்டாள். 'எங்கம்மா தொட்டுக் கொடுக்காம எனக்குத் தாலி வேணாம்.' மண்டபத்தில் மேளம் நின்றுவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். முன்வரிசையில் எண்பது வயதுப் பெரியவர், மாப்பிள்ளைக்குத் தாத்தா முறை. எல்லாரும் அவரைத்தான் பார்க்கிறார்கள். அவர் சொன்னார்: 'அதுக்கென்ன, அந்தத் தாயைக் கூப்பிடுங்கப்பா, நேரம் போவுது.' (நீண்ட கைதட்டல்)

சாப்பிடும்போது விசாரித்தேன். எனக்கு ஆட்சேபணை இல்லை, அவருக்கு இருக்குமோ என்று பார்த்தேன் என்றார் ஒருவர். அந்த அவரைக் கேட்டேன், அவரும் அதையே சொன்னார்! அந்தத் தாயை விரட்ட அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் மனமில்லை. ஒருவருக்கொருவர் பயந்து, சேர்ந்து விரட்டியிருக்கிறோம். அவர் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், நாம் அட்சதையோடு உட்கார்ந்திருந்தோம்.

கணவனை இழந்த சிறுமியாக இருந்து, 1911-ல் பட்டம் வாங்கி, சென்னைக் கடற்கரை ஐஸ் ஹவுஸில் இளம் கைம்பெண்களைக் குடிவைத்துப் படிக்கவைத்தாரே சகோதரி சுப்புலட்சுமி, அவரும் ஊர்வாய்ப் பேச்சைக் கேட்டவர்தான். கேட்டுக்கொண்டே வேலையைப் பார்த்தார். பம்பாய்க்குப் போன அந்தச் சிறுமி எத்தனை பேச்சுக் கேட்டிருப்பாள்! நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, எனக்கு அவளை விட்டு நகர முடியவில்லை.

தலைவர் மணியடிக்கிறார். முடித்துவிடுகிறேன், ஐயா. வருகிற தை மாதம் இந்த மாவட்டத்தில் ஒரு மறுமணம். பெண்ணுக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த குழந்தை ஒன்று இருக்கிறது. உறவில் பாதிப் பேர் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பேரை மைக்கில் சொல்லக் கூடாது. கல்யாணப் பத்திரிகை என் பையில் இருக்கிறது. முதல் பந்தியில் உட்கார ஆள் வேண்டும். மொய் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு வேன் பேசியிருக்கிறேன். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து பேர் கொடுங்கள்.