சிவப்புக் கொடியும் புளியந்தோப்பும்

(தாம்பரத்தில் மாணவர்களும் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கிருந்து ஐகோர்ட்டு கொஞ்ச தூரம்தான். அந்த ஐகோர்ட்டுக்கு எதிரிலிருந்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தினார். இந்தியாவின் முதல் மே தினம். அன்றைக்கே இந்துஸ்தான் தொழிலாளர் கிசான் கட்சியையும் தொடங்கினார். மீனவர் குடியில் பிறந்த வக்கீல் அவர். அப்போது வயது 63. சின்னக் கட்சி. தமிழில் 'தொழிலாளன்', ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகை, கூடவே சில தோழர்கள்.

வழக்கமா இதோட கதையை நிறுத்திடுவாங்க. நாம ரெண்டு வருஷம் பின்னால போவோம். 1921இல் பெரம்பூர் பின்னி ஆலைகளில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. கருங்காலி என்று ஏசினார்கள். புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. ஒரே ஆலை, ஒரே முதலாளி, ஒரே சங்கு. ஆனால் சங்கு ஊதினதும் ஒருத்தன் ஊருக்குப் போறான், இன்னொருத்தன் சேரிக்குப் போறான். கூலி நின்றால் சேரியில் அடுப்பு எரியாது என்பதை வேலைநிறுத்தத்துக்குக் கூப்பிட்டவர்கள் யோசித்தார்களா?

1925 டிசம்பரில் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குச் சிங்காரவேலர் தலைமை வகித்தார். தீண்டாமை அடிப்படையில் பொருளாதாரப் பிரச்சினை, அந்த அடிமைத்தனம் போனால் தீண்டாமையும் போய்விடும் என்பது அங்கே அவர் வைத்த வாதம். இதில் பாதி உண்மை. காணி நிலம் இல்லாதவனுக்குக் கோயில் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் வயிறு நிறையாது. மீதிப் பாதிக்குப் புளியந்தோப்புதான் பதில். அங்கே வர்க்கம் ஒன்றாகத்தான் இருந்தது. சாதி அதை ரெண்டாகப் பிளந்தது.

சிங்காரவேலரைச் சின்னவராக்க இதைச் சொல்லவில்லை. நம்ம தாம்பரம் வழியாகப் போகிற இந்தப் பாதை அன்றைக்குச் சவுத் இந்தியன் ரயில்வேயுடையது. 1928இல் அந்த ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காகப் பத்தாண்டு தண்டனை பெற்றவர் அவர், 1930இல் விடுதலையானார். பிறகு பெரியாரோடு சேர்ந்து 1932இல் ஈரோட்டில் சமதர்மத் திட்டம் வகுத்தார். சாதி ஒழிப்பும் சமதர்மமும் ஒரே மேடைக்கு வந்தன. அந்த மேடை நிலைக்கவில்லை.

அது நிலைக்காமல் போனதற்கு விலை கொடுத்தது யார்? 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூலி கேட்டார்கள், செங்கொடி பிடித்தார்கள்; 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அத்தனை பேரும் தலித்துகள். அதை வெறும் கூலிச் சண்டை என்று இன்னமும் சொல்றவங்க இருக்காங்க.

மனிதரை மலம் அள்ள வைப்பதற்கு எதிராக 1993இலும், மலக்குழியில் இறக்குவதற்கும் எதிராக 2013இலும் சட்டம் வந்தது. சாவு நிற்கவில்லை. இறங்குகிறவரும் தொழிலாளிதான். ஆனால் இறங்குவது ஏன் எப்பவும் ஒரே சேரி ஆளாக இருக்கிறார்? இந்தக் கேள்வியைத் தன் முதல் தீர்மானமாக எழுதாத எந்தத் தொழிலாளர் கட்சியும் நமக்குப் பாதிக் கட்சிதான்.

கொடியைக் கீழே போடச் சொல்லலை, தோழர்களே. அதைச் சேரியிலிருந்து தூக்குவோம்.