நோயாளிக்காகப் பேசுபவர்



மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தவர், திருமயிலையில் கோயில் கொண்டுள்ள வள்ளுவர். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைபுரிபவர் என்பன அந்நான்கு. கால்நடை மருத்துவத்தில் நோயுற்ற உயிருக்கு வாயில்லை. நான்காமவராகிய உழவரே அதற்காகவும் பேசவேண்டியிருக்கிறது. அவர் வாயை அடைத்துவிட்டால் நோயின் வரலாறும் அடைபட்டுப்போகும்.

சென்னையில் இக்கல்விக்கெனத் தனிக் கல்லூரி 1903இல் டாபின் ஹாலில் 20 மாணவர்களுடன் தொடங்கிற்று. 1905இல் வேப்பேரிக்குப் பெயர்ந்தது. 1989இல் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. கல்வி வளர்ந்தும், மாடு நேற்றுத் தீனி எடுத்ததா, அசை போட்டதா என்பதை அறிய மருத்துவர் இன்றும் உழவரைத்தான் கேட்க வேண்டும். "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று தொடங்குபவரிடம், நாட்டு மருந்து கொடுத்ததை உழவர் மறைப்பார். "எப்போதிலிருந்து ஐயா இப்படி?" என்று கேட்பவரிடம் எல்லாவற்றையும் சொல்வார்.

வெக்கை நோய் ஒழிந்தமை இதற்குச் சான்று. இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995இல், தமிழகத்தின் வட ஆர்க்காட்டுப் பகுதியில். தடுப்பூசி மட்டும் அதை ஒழிக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று விசாரித்த கால்நடைத் துறையினரின் பொறுமையும், மறைக்காமல் சொன்ன உழவரின் நம்பிக்கையும் உடன் நின்றன. 2011இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இன்னொரு நிலையும் உண்டு. அடைப்பானில் இறந்த மாட்டைத் தோலுரிக்காமல், சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். அந்நோய் மனிதரையும் பற்றும். அதன் நுண்வித்துகள் மண்ணில் பல்லாண்டு கிடக்கும். "புதைத்துவிடு" என்று ஒற்றைச் சொல்லில் ஆணையிட்டுப் போனால், கடன் பட்டு மாடு வாங்கியவர், தோல் விலையாவது தேறட்டுமென்று இரவில் உரித்துவிடக்கூடும். மருத்துவர் சற்றே திண்ணையில் அமர்ந்து, "இழப்பு பெரிதுதான் ஐயா, வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது" என்று காரணம் சொன்னால், அவரே மண்வெட்டியை எடுப்பார்.

மதிப்பு ஒருவழிப் பாதையன்று. பல சிற்றூர்களுக்கு ஒருவராக அலைபவர் மருத்துவர். கன்று ஈனமுடியாமல் தவிக்கும் பசுவின் முன் நள்ளிரவிலும் நிற்பவர். உயிர் பிரிந்தவுடன் அவர்மேல் பழி சுமத்துவது எளிது. அடுத்த முறை அவரைத் தயக்கமின்றி வரச்செய்வது அரிது.

மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் விடியலில் பால் உறையைப் பிரிப்போர்க்கு அந்தத் தொழுவம் தொலைவில் இருக்கிறது. ஆயினும் அப்பாலின் தூய்மை, அங்கே இருவர் ஒருவரையொருவர் மதித்துப் பேசிய பேச்சிலிருந்தே தொடங்குகிறது.