மலையின் கணக்கைக் கேட்கும் உரிமை

(கோச்சடையில் மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

வைகைக் கரையிலுள்ள இக்கோச்சடையிலிருந்து கீழக்குயில்குடிச் சமணமலை தொலைவில் இல்லை. அங்குள்ள செட்டிப்புடவையும் பேச்சிப்பள்ளத்தையும் தரிசித்தவர்கள் திருமேனிகளின் கீழே வட்டெழுத்துகளைக் கண்டிருப்பீர்கள். செய்வித்தவர் யார், எவருடைய மாணாக்கர், எப்பள்ளியைச் சார்ந்தவர் என்பன அவற்றில் உள்ளன. குறண்டித் திருக்காட்டாம்பள்ளியின் பெயரும் அங்கே வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் தம் கணக்கைக் கல்லில் வெட்டி, எவரும் படிக்க வைத்தனர். இன்று அம்மலைகளைப் பற்றிய கணக்கு அரசு அலுவலக அலமாரிகளில் உள்ளது. அதைக் கேட்டுப் பெறும் உரிமையே என் பொருள்.

இதன் தேவையை அரிட்டாபட்டி நமக்கு உணர்த்தியது. அச்சணந்தி முனிவரின் பெயர் பொறித்த கல்வெட்டுள்ள ஊர் அது. அங்கே சுமார் 193 ஹெக்டேர் நிலப்பரப்பு 2022 நவம்பரில் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2024 நவம்பரில், அப்பகுதியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் விடப்பட்ட செய்தி வந்தது. மக்கள் திரண்டனர், சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. இடைப்பட்ட நாட்களில் ஒன்றிய அரசும் மாநில அரசும் எதைப் பற்றி வாதிட்டன? எவர், எப்போது, என்ன கடிதம் எழுதினர் என்பதைப் பற்றி! அக்கடிதங்களை ஏலத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு 1997-லேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் கண்டது. விதிவிலக்குகள் மிகுந்த சட்டம் அது. இராஜஸ்தானத்துக் கூலித் தொழிலாளர்கள் தங்கள் வருகைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அமர்ந்தனர். அத்தகைய போராட்டங்களின் பயனாக 2005 அக்டோபர் 12 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

மனு எழுதுவதில் நம்மவர் செய்யும் பிழை ஒன்றுண்டு. "எங்கள் மலையை ஏன் காக்கவில்லை?" என்று எழுதுகிறோம். அது முறையீடு, தகவல் கோரிக்கை அன்று. அலுவலகம் தன்னிடமுள்ள ஆவணத்தையே தரக் கடமைப்பட்டது. புதிதாக விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011-இல் கூறிவிட்டது. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இன்ன புல எண்ணின் 'அ' பதிவேட்டு நகல், புலப்பட நகல், அதனை அடுத்த நிலத்தில் வழங்கிய குவாரிக் குத்தகை ஆணையின் நகல், இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை. கோப்பை நேரில் பார்வையிடவும் கேட்கலாம்; பல வேளைகளில் அதுவே சிறந்த வழி.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இவ்வுரிமை குடிமக்களுக்குரியது. அறக்கட்டளையின் பெயரில் அனுப்பினால், அதைக் காரணம் காட்டித் திருப்பிவிட இடமுண்டு. எனவே உங்களில் ஒருவர் தம் பெயரிலேயே எழுதுங்கள். காரணம் கூற வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம், ஒன்றிய அரசின் தொல்லியல் துறைக்கும்கூட. மாநில அலுவலகமாயின் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். துறை மாறிப் போனாலும் கவலை வேண்டாம். பெற்ற அலுவலரே ஐந்து நாட்களுக்குள் உரிய துறைக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

முப்பது நாட்களில் விடை வர வேண்டும். வராவிடினும், வந்த விடை நிறைவு தராவிடினும், அடுத்த முப்பது நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுக. அதன் பின்னர் தொண்ணூறு நாட்களுக்குள் தகவல் ஆணையம்: மாநிலத் துறைக்குச் சென்னையில், ஒன்றியத் துறைக்குப் புதுதில்லியில். அங்கே விசாரணை தாமதமாகலாம். ஆதலால் பதிவஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காரணமின்றி மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

பொழுது சாயுமுன் பந்தி தொடங்க வேண்டும், இத்துடன் நிறுத்துகிறேன். கட்டண வில்லைகள் சிலவற்றை வாங்கி வந்திருக்கிறேன். உணவுக்குப் பின் இளைஞர்கள் இருவர் மேடைக்கருகே வந்தால், சமணமலையின் எல்லை குறித்த முதல் மனுவை இன்றே எழுதிவிடலாம்.