பிரிவிலும் பண்பு
(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் மணமுறிவைப் பற்றிப் பேசலாமா என்ற தயக்கம் சிலருக்கு எழக்கூடும். திருமணத்திற்கு ஊரே கூடுகிறது; அது முறியும்போது வீடு கதவைச் சாத்திக்கொள்கிறது. சாத்திய கதவுக்குப் பின்னே, “நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வோம்” என்ற சொல் பிறக்கிறது. பல வேளைகளில் அச்சொல்லை முதலில் சொல்வோர் கணவனும் மனைவியும் அல்லர். அவர்கள்பால் பேரன்பு கொண்ட பெரியவர்களே.

இணைந்து வாழ இயலுமானால் அதுவே நன்று. குடும்ப நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்றே 1984ஆம் ஆண்டுச் சட்டமும் பணிக்கிறது. அம்முயற்சிகள் யாவும் தோற்றபின் எஞ்சும் வினா ஒன்றே: எவ்வாறு பிரிவது?

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் சமணரையும் பெயர் சுட்டித் தன் எல்லைக்குள் கொண்டுள்ளது. 2014இல் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டதைக் காட்டி, இச்சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று இந்தூர்க் குடும்ப நீதிமன்றம் ஒன்று சமண இணையரின் மனுவைத் தள்ளியது. 2025 மார்ச்சில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆதலின் இதில் ஐயம் வேண்டா.

அச்சட்டத்தில் இரு வழிகள் உள்ளன. முதலாவது, வழக்காடும் வழி. கொடுமை, கைவிடல் போன்ற காரணம் ஒன்றை ஒருவர் மெய்ப்பிக்க வேண்டும். பொங்கலன்று சினத்தில் உதிர்ந்த ஒரு சொல் மனுவில் எண்ணிட்ட பத்தியாகிறது. எதிர்த்தரப்பின் பதிலுரை அதைவிடக் கூர்மையாக அமைகிறது. முதிய தாயும் தந்தையும் சாட்சிக் கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்கு விடை சொல்கின்றனர். வாய்தா வாய்தாவாக ஆண்டுகள் கழிகின்றன. தீர்ப்புக்குப் பின் மேல்முறையீடும் உண்டு. சினம் ஆறிய பின்னும் எழுதியவை அழிவதில்லை. பிள்ளைகள் வளர்ந்து அவற்றைப் படிக்கவும் கூடும்.

இரண்டாவது, 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு. ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்து, இனிச் சேர்ந்து வாழ இயலாது என்று உடன்பட்ட இருவரும் கூட்டாக மனு அளிக்கலாம். எவர்மீதும் எக்குற்றமும் சாட்ட வேண்டியதில்லை. ஆறு மாதம் காத்திருந்து மீண்டும் தம் இசைவை உறுதிசெய்ய வேண்டும். தக்க சூழலில் நீதிமன்றம் அக்காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. இறுதி ஆணை வரும்வரை எவரும் தம் இசைவைத் திரும்பப் பெறலாம்.

உடன்பாட்டை எட்டுவதற்குத் துணைசெய்வது சமரசப் பேச்சு. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. மாவட்டங்களிலும் மையங்கள் உண்டு. சமரசர் தீர்ப்பளிப்பதில்லை; இருவரையும் பேசவைக்கிறார். அங்குப் பேசியதைப் பின்னர் வழக்கில் சான்றாகக் காட்ட இயலாது. அதனால்தான் அங்கு மனம் திறக்கிறது.

பேசும்போது எதையும் “பிறகு பார்க்கலாம்” என்று விட்டுவிடலாகாது. பெண்ணின் நகைகளும் சீர்ப்பொருள்களும் எந்நாளில் திரும்பும்? ஜீவனாம்சம் ஒரே தொகையா, மாதந்தோறுமா? வீட்டுக் கடனை யார் கட்டுவது? இருவரும் கையொப்பமிட்ட கடனாயின், அவர்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு வங்கியைக் கட்டுப்படுத்தாது. நிலுவையிலுள்ள குற்ற வழக்கும் தானே மறைந்துவிடாது. அதனை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தை நாடவேண்டி வரலாம்.

எல்லாவற்றினும் பெரிது பிள்ளை. ஏழு வயதுக் குழந்தை பள்ளி நாள்களில் எவரிடம் இருக்கும்? கோடை விடுமுறை எவ்வாறு பகிரப்படும்? மகாவீரர் நிர்வாணம் எய்திய தீபாவளி நாளில் அது எந்த வீட்டில் விளக்கேற்றும்? பாட்டி தாத்தாவைக் காணும் உரிமை உண்டா? இவற்றை நாள் குறித்து எழுதிவிட்டால், குழந்தை தூது செல்லும் துன்பத்தினின்று தப்பும். குழந்தையின் பராமரிப்பு உரிமையைப் பெற்றோர் விட்டுக்கொடுத்துவிட முடியாது. அதன் நலனை நீதிமன்றமே இறுதியாக எடைபோடும்.

இங்கே இரு எச்சரிக்கைகள் தேவை. பெரியோர் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் மணம் முறிந்துவிடும் என்று எண்ணுவோர் உளர். சட்டம் ஏற்கும் வழக்காறு இருப்பதாக நிறுவினாலன்றி, அத்தாள் மணமுறிவாகாது. அதனை நம்பி மறுமணம் செய்தால் அம்மணம் செல்லாததாகிவிடும், குற்றமாகவும் ஆகலாம். பேச்சு வெளியே முடியலாம். ஆணை நீதிமன்றத்திலேதான் பிறக்க வேண்டும்.

மற்றொன்று: அடியும் அச்சுறுத்தலும் உள்ள வீட்டில் “விட்டுக்கொடு” என்பது அறமாகாது. அங்கு முதலில் வேண்டுவது பாதுகாப்பு. அஞ்சி இட்ட கையொப்பம் இசைவாகாது. பெண்களுக்கு, வருமானம் எதுவாயினும், சட்டப் பணிகள் ஆணைக்குழு வாயிலாக இலவசச் சட்ட உதவி உண்டு. இரு தரப்புக்கும் தனித்தனி வழக்கறிஞர் இருப்பதே நன்று.

பெரியோர்களே! மகனுக்காகவோ மகளுக்காகவோ வெல்ல வேண்டும் என்னும் வேட்கை இயல்பானதே. ஆயினும் மணம் முறிந்த பின்னும் ஒரு குழந்தைக்குத் தாயும் தந்தையும் அவ்விருவரே. பள்ளி ஆண்டு விழாவில் இருவரும் ஒரே வரிசையில் அமர நேரும். அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடிய நிலை எஞ்சியிருக்க வேண்டுமாயின், மனுவின் முதல் பத்தியை எழுதுவதற்கு முன்னரே அதனை எண்ணுதல் வேண்டும். “வழக்குப் போடுவோம்” என்று வீட்டில் குரல் எழும் நாளில், “முதலில் சமரச மையத்துக்குப் போய்ப் பேசுவோம்” என்று சொல்லும் பெரியவர் ஒருவர் அங்கிருந்தால், அக்குடும்பம் பேறுபெற்றது.