வானத்துக்குப் போகும் உரம்

செம்பனைக்கு வீசும் உரம் மண்ணுக்கும் மரத்துக்கும் போகிறது என்று நாம் அறிவோம். அதில் ஒரு சிறு பங்கு வானத்துக்கும் போகிறது. அங்கே வெயில் அதை என்ன செய்கிறது என்று இன்று பார்ப்போம்.

யூரியாவில் இருப்பது நைட்ரஜன் என்னும் தழைச்சத்து. மரம் எடுத்தது போக மீதியில் கொஞ்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக மாற்றிவிடுகின்றன. பல் வைத்தியத்தில் வலி தெரியாமலிருக்கக் கொடுக்கிறார்களே, அந்தச் 'சிரிப்பு வாயு' இதுதான்.

தரையில் நம்மைச் சுடும் வெயிலுக்கு இந்த வாயுவை உடைக்கும் சக்தி இல்லை. அதை உடைக்கும் கடுமையான புற ஊதாக் கதிர்களைப் பிராணவாயுவும் ஓசோனும் உயரத்திலேயே தடுத்துவிடுகின்றன. ஆகவே வாயு காற்றோடு கலந்து மெல்ல மெல்ல மேலே போகிறது. சுங்கை லாலாங் பக்கத்திலிருந்து நாம் பார்க்கும் குனோங் ஜெராய் மலை சுமார் 1,200 மீட்டர் உயரம். அப்படி 25 மலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் 30 கிலோமீட்டர் வரும். ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் வெயில் அதைப் பிளக்கிறது. இந்த வாயு அழிய, சராசரியாக 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

பத்தில் ஒன்பது பங்கு, சாதாரண நைட்ரஜனாகவும் பிராணவாயு அணுவாகவும் பிரிந்துவிடுகிறது. மீதிப் பங்கு, வெயில் பிரித்துவிட்ட பிராணவாயு அணுக்களோடு மோதுகிறது. அதில் பாதிக்கு மேல் நைட்ரிக் ஆக்சைடாக மாறுகிறது. ஆபத்து இதில்தான். இது ஓர் ஓசோன் மூலக்கூறை அழித்தும் தான் அழிவதில்லை. பழைய உருவை அடைந்து அடுத்ததை அழிக்கப் போகிறது. இதை 1970-இல் எடுத்துக்காட்டியவர் டச்சு விஞ்ஞானி பால் குருட்சன். 1995-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

வெளிக்காட்டில் வேலை செய்யும் நம் தோலுக்கும் கண்ணுக்கும் ஓசோன்தான் குடை. குளிர்பதன வாயுக்களிடமிருந்து அதைக் காக்க 1987-இல் மொன்ட்ரியால் ஒப்பந்தம் வந்தது. நைட்ரஸ் ஆக்சைடோ அந்தக் கட்டுப்பாட்டில் இல்லை.

தோட்டத்து உரத்தின் அளவை நிர்வாகம் முடிவு செய்கிறது. வீட்டுக் கொல்லைக் காய்கறிக்கு நாமே முடிவு செய்கிறோம். ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் பிரித்துப் போடுவோம். தண்ணீர் தேங்கிய மண்ணில் போடாதிருப்போம். இளம் பால்மரங்களுக்கிடையே படரும் பயற்றுக் கொடிகள் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தருவதைப் பார்த்திருக்கிறோம். கொல்லையிலும் பயறு விதைத்தால் மூட்டை உரம் குறையும், காசும் மிஞ்சும். இன்று மேலே போகும் வாயு, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அங்கே இருக்கும்.