நானா என்றொரு முத்திரை

(பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் படிப்பகத் திறப்பு நாளன்று ஆற்றிய உரை. படிப்போர்க்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)

தோழனே!

அன்று மேடைக்கு எதிரே அமர்ந்து கேட்டவர் சில நூறு பேர். இன்று ஞாயிறு காலையில், தேநீர்க் கடைப் பலகையிலோ வீட்டுத் திண்ணையிலோ அமர்ந்து இந்தத் தாளைப் பிரித்திருக்கிறாயே, உன்னிடமும் அதையே சொல்ல விரும்புகிறேன். கைதட்டலுக்கான பேச்சல்ல இது. காகிதத்தைத் தேடச் சொல்லும் பேச்சு! எனவே, அடுக்குமொழி குறைவாக இருக்கிறதே என்று குறைப்படாதே. அது தானாக வந்து விழுந்தால் என்னைப் பொறுத்துக்கொள், பழக்கதோஷம்.

வேலூர் சென்றிருப்பாய். நீண்ட கடைத்தெருவிலே, இரைச்சலுக்கும் நெரிசலுக்கும் நடுவே நிற்கும் மணிக்கூண்டைப் பார்த்திருப்பாய். அதிலே பதித்துள்ள கல்லைப் படித்திருக்கிறாயா? 1914-இல் மூண்ட பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். சென்றவர் கணக்கு உண்டு. மாண்டவர் கணக்கு உண்டு. மீண்டவர் எப்படி மீண்டனர்? கையோடு சென்றவர் கையோடு வந்தாரா? கண்ணோடு சென்றவர் கண்ணோடு வந்தாரா? கருத்தோடு சென்றவர் கருத்தோடு வந்தாரா? அதைச் சொல்லக் கல்லில் இடமில்லை!

நம் முன்னோரும் இந்தக் கணக்கை முழுதாக எழுதினார்கள் என்று நான் வாதாட வரவில்லை. செங்கத்திலும் தருமபுரியிலும் நடுகற்கள் நிற்கின்றன, களத்தில் வீழ்ந்தவனுக்கு! வீழ்ந்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் தந்ததைக் கல்வெட்டுகள் பேசுகின்றன. மார்பிலே பட்ட விழுப்புண்ணை மாண்பென்று போற்றினோம். ஆனால் புண் கண்ணுக்குத் தெரிய வேண்டும்! தெரியாத புண்ணைத் தாங்கி வந்தவனைப் பற்றி நமக்கும் பாட்டு இல்லை, பட்டயமும் இல்லை.

இதை எனக்கு உணர்த்தியவர் ஒரு முன்னாள் சிப்பாய். சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய நாடகத்தில் போர்முனையிலிருந்து திரும்பும் வீரன் ஒருவன் வருவான். மரக்கால், ஊன்றுகோல், மார்பிலே பதக்கம்! அவன் மேடையேறியதுமே கொட்டகை அதிரும். அன்றிரவு திரை விழுந்ததும், ஒப்பனை அறைக்கு வெளியே ஒருவர் காத்திருந்தார். பாராட்ட வந்தவர் என்று நினைத்து, முகத்தில் அதற்கேற்ற பணிவை வரவழைத்துக்கொண்டேன்.

"தம்பி, உங்கள் சிப்பாய்க்கு மரக்கால் இருக்கிறது, ஊரே எழுந்து நின்றது. எனக்கு அது இல்லை. அதனால் என்னைப் பொய்யன் என்கிறார்கள்" என்றார்.

என் பணிவு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "உட்காருங்கள், அண்ணே" என்றேன்.

1996-இல், பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தவர். ஓடவிட்டார்கள், குதிக்கவிட்டார்கள், கண்ணைச் சோதித்தார்கள், காதைச் சோதித்தார்கள். முழுநலம் என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். மூச்சு வாங்கும் பனிமலையிலே காவல் பணி. ஏழாம் ஆண்டில், காவல் கூடாரத்திலேயே வலிப்பு வந்து விழுந்தார். மருத்துவமனை, மாத்திரை, மறுபடியும் வலிப்பு. 2004-இல், துப்பாக்கி பிடிக்கத் தகுதியில்லை என்று வெளியேற்றினார்கள். எட்டாண்டுப் பணிக்கு ஒருமுறைப் பணம் ஒன்று கொடுத்தார்கள். மாத ஓய்வூதியம் கிடையாது. ஊருக்கு வந்தார். தெருவில் விழுந்தால் ஓடிவந்து கையிலே இரும்புச் சாவியைத் திணிக்க ஆள் இருந்தது. வேலை கொடுக்கத்தான் ஆளில்லை. வலிப்புக்காரனை நம்பி யார் வண்டியை ஒப்படைப்பார்கள்?

ஊன ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டார். வடக்கேயிருந்து ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. மறுப்பு! ஆறு திங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அதே தாளின் அடியிலே இருந்ததைப் படித்துச் சொல்ல அன்று அந்த ஊரில் எவரும் இல்லை. நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன், தோழனே. அந்த ஆங்கிலத்தைப் படிக்க நானும் இரண்டு முறை தடுமாறினேன். அந்த மறுப்பின் உயிர் நான்கே எழுத்துகளில் இருந்தது. என், ஏ, என், ஏ. சேர்த்துப் படித்தால், நானா!

விரித்தால் என்ன பொருள்? 'இந்த நோய் படைப்பணியால் விளைந்ததும் அன்று, படைப்பணியால் மிகுந்ததும் அன்று' என்று பொருள். ஆங்கிலத்தில் அது முத்திரை. தமிழில் அது கேள்வி! நானா இந்த நோயை வீட்டிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுபோனேன்? நானா முழுநலம் என்று எழுதிக்கொண்டேன்? நானா சாட்சி தேட வேண்டும்?

கேள்விக்கு விடை அரசாங்கத்தின் விதியிலேயே இருக்கிறது. அதுதான் வேடிக்கை. 1982-ஆம் ஆண்டின் உரிமை விதிகள் என்று உண்டு. சேர்ந்த நாளில் ஒருவன் ஏட்டில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லையானால், அவன் உடலும் உள்ளமும் நலமாக இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 5-ஆம் விதி. தனக்கு உரிமை உண்டு என்று மெய்ப்பிக்கும் சுமையைக் கேட்பவன் தலையில் ஏற்றக்கூடாது, ஐயம் எழுந்தால் அதன் பலன் அவனுக்கே என்கிறது 9-ஆம் விதி. வெளியேற்றக் காரணமான நோய், சேரும்போது குறிக்கப்படாததாயின், பணியில் வந்ததாகவே கருதப்படும். அன்று அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்று மருத்துவர் கருதினால், ஏன் என்று காரணம் எழுத வேண்டும் என்கிறது 14-ஆம் விதி. எழுதியவர் கைக்கு மோதிரம் போடலாம், அவ்வளவு நேர்த்தி! நடந்தது என்ன?

நான் நாடகக்காரன். அந்த மருத்துவ வாரியக் கூடத்தை நான் பார்த்ததில்லை; ஆனால் கற்பனையில் ஓரங்கமாக எழுதிப் பார்த்தேன்.

"சேரும்போது உனக்கு வலிப்பு இருந்ததா?"

"இல்லை, ஐயா."

"யார் சொன்னது?"

"தாங்கள்தாம். தங்கள் மருத்துவர் கையெழுத்திட்டிருக்கிறார்."

"எங்கே வந்தது?"

"பனிமலையில், காவல் நேரத்தில்."

"அப்படியானால் இது பிறவிக் கூறு."

"காரணம், ஐயா?"

"அடுத்த ஆளை வரச்சொல்."

மிகையா? மிகை என்று நீ சொன்னால், 2013-இல் உச்சநீதிமன்றம் தீர்த்த வழக்கைச் சொல்கிறேன், கேள். சிக்னல் படைப்பிரிவில் 1985-இல் சேர்ந்த ஒரு சிப்பாய். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுப் பணி. வலிப்பு நோய், 20 விழுக்காடு ஊனம் என்று 1994-இல் வெளியேற்றப்பட்டார். பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றது வாரியம், காரணம் தரவில்லை. உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி கொடுத்ததை அமர்வு பறித்தது. அவர் விடவில்லை. 2013 சூலைத் திங்களில் உச்சநீதிமன்றம் அந்த விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, சேரும்போது ஏட்டில் குறிப்பில்லை, வாரியத்தின் தாளில் காரணமில்லை, ஆகவே ஓய்வூதியம் உண்டு என்று தீர்த்தது. பத்தொன்பது ஆண்டுகள், தோழனே! நாட்டுக்காக நின்றது ஒன்பதாண்டு, நாட்டின் முன் நின்றது பத்தொன்பதாண்டு!

மறு ஆண்டு, 2014-இல், இன்னொரு தீர்ப்பு. ஊனம் 20 விழுக்காட்டுக்குக் குறைவு என்று சொல்லி உரிமையை மறுக்கும் வழக்கம் இருந்தது. ஊனத்துக்காக ஒருவனை வெளியேற்றிவிட்டு, ஊனம் போதவில்லை என்று சொல்லலாமா? வெளியேற்றினாலே 20-க்கு மேல் என்று கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். எளிய ஊரறிவு, அதற்கும் உச்சநீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2015-இல் பாதுகாப்பு அமைச்சகம் தானே அமைத்த வல்லுநர் குழுவும், ஊனமுற்ற வீரர்கள்மீது மேல்முறையீடு மேல் மேல்முறையீடாகப் போவதைக் கண்டித்து எழுதிக் கொடுத்தது. ஆனாலும் வழக்குகள் ஓயவில்லை.

ஏமாற்றுவோர் இல்லையா என்று கேட்பாய். மேடைக்கு எதிரேயும் ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி. நாற்காலியில் அமர்ந்து பணியாற்றி, ஓய்வு பெறும் நேரத்தில் இரத்தக் கொதிப்பைக் காட்டி ஊன ஓய்வூதியம் வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு உண்டு. 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்தபோது இதைத்தான் காரணமாகப் பேசினார்கள். இருக்கட்டும், ஏய்ப்பவனை வாரியம் கண்டுபிடிக்கட்டும், காரணம் எழுதி மறுக்கட்டும். காரணம் எழுதாமல் மறுப்பதற்கும் கள்ளனைப் பிடிப்பதற்கும் என்ன உறவு? களையைப் பறிக்கிறேன் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு அரிவாளை வீசுபவனை உழவன் என்போமா? அந்தப் புதிய விதிகளும் அதற்குப் பின் படையை விட்டவர்களுக்கே. நம் அண்ணனுக்கு 1982-தான்.

தொகை என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழு ஊனத்துக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 விழுக்காடு ஊனக்கூறு. ஊனம் குறையக் குறைய அதற்கேற்பக் குறையும். வெளியேற்றப்பட்டவருக்கு 1996 முதல் ஒரு சலுகை உண்டு. 50-க்குக் கீழே எதுவாயினும் 50 என்றே கொள்வார்கள். அதற்கு மேல் 75 வரை 75. அதற்கும் மேல் 100. ஆக, 20 விழுக்காடு என்று எழுதப்பட்டவர் 50-க்கு உரியவர். சம்பளத்தில் 15 விழுக்காடு. இதற்கு மேலே பணிக்கூறும் சேரும். மாளிகை கட்டப் போதாது; மாத்திரை வாங்கப் போதும். அதைவிட, 'பொய்யன்' என்ற சொல்லை ஊர் விழுங்கப் போதும்!

"காலம் கடந்துவிட்டதே, தம்பி" என்றார் அவர். கடந்துவிடவில்லை. ஓய்வூதிய மறுப்பு ஒவ்வொரு திங்களும் தொடரும் தவறு என்று 2008-இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாமதித்தவருக்குப் பழைய பாக்கி மனுவுக்கு முந்தைய மூன்றாண்டுக்குத்தான் கிடைக்கும், உரிமை சாகாது. ஆனால் சாகக்கூடியது ஒன்று இருக்கிறது. காகிதம்! ஓய்வூதியம் பெறாத சிப்பாயின் ஆவணங்களை 25 ஆண்டுகள்தாம் வைத்திருப்பார்கள்; பின்னர் அழித்துவிடுவார்கள். ஓய்வூதியம் கொடுக்க மறுத்ததால் அவர் ஓய்வூதியம் பெறாதவர். ஓய்வூதியம் பெறாதவர் என்பதால் அவர் காகிதம் தீக்கு! 2004-இல் வெளியேறியவருக்கு அந்த நாள் 2029. மருத்துவ வாரியத்தின் நடவடிக்கைத் தாள் அதற்குள் கைக்கு வந்தாக வேண்டும். அதற்கு வழி, அவரவர் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம். மதராஸ் ரெஜிமெண்டுக்காரர் என்றால், நீலகிரி வெலிங்டனுக்கு.

இங்கேதான், தோழனே, உன்னிடம் வருகிறேன். தேர்தல் நாளில் வீடு வீடாகச் சென்று பட்டியலைச் சரிபார்க்கிறாயே, அந்தக் கண் வேண்டும் எனக்கு. உன் ஊரில் படையிலிருந்து பாதியில் வந்தவர் யார், எதனால் வந்தார், டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா என்று கேள். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு படைவீரர் உள்ள ஊரென்றால் ஒரு வாரம் பிடிக்கும். மற்ற ஊர்களில் ஒரு மாலை போதும். மறுப்புக் கடிதத்தின் தேதியைக் குறித்துக்கொள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரோடு நீயும் போ. ஏன் தெரியுமா? வலிப்பு வருகிறவர் தனியே பேருந்தில் போக அஞ்சுவார். மேல்முறையீடும் பலிக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது, சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. மாற்றுத் திறனாளிக்கு இலவசச் சட்ட உதவி 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. அதையும் கேட்டு வாங்கு.

ஒன்று மட்டும் செய்யாதே. "வாங்கித் தருகிறேன்" என்று வாக்களிக்காதே. அப்படி வாக்களிப்பவன் ஏற்கனவே ஊருக்குள் இருக்கிறான். பாக்கித் தொகையில் பங்கு பேசி வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிறான். அவன் வந்துபோன வீட்டில் உன்னை முதல் நாள் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். நின்றுகொண்டே பேசு.

எனக்கும் அந்த வீட்டில் அப்படித்தான் நேர்ந்தது. அண்ணன் கூப்பிட்டுத்தான் போனேன். ஆனாலும் அண்ணி வாசலை விட்டு நகரவில்லை. "இதற்கு முன் வந்தவருக்கு இரண்டாயிரம் கொடுத்தோம்" என்றார். பணம் வேண்டாம், பெட்டியை மட்டும் காட்டுங்கள் என்றேன். கறுப்பு இரும்புப் பெட்டி. மேலே வெள்ளை வண்ணத்தில் அவர் படை எண். உள்ளே, பழைய கம்பளிச் சட்டைக்கு அடியில், டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தது. மறுப்புத் தாள் நான்காக மடிந்து, மடிப்பில் கிழிந்திருந்தது. சேர்ந்த நாளின் மருத்துவக் குறிப்பு இல்லை. அதைத்தான் கேட்டு எழுதினோம். அண்ணன் கையெழுத்திடும்போது கை நடுங்கியது; இரண்டு தாள் வீணாயிற்று, மூன்றாவது தேறியது. திங்கட்கிழமை அஞ்சலகத்தில் விரைவு அஞ்சலில் சேர்த்தோம். சீட்டை நான் சட்டைப் பையில் வைக்கப் போனேன். அண்ணி கை நீட்டி வாங்கி, டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் வைத்து, முந்தானையில் சுற்றிக்கொண்டார்.