சோப்பும் துண்டும் சீம்பாலும்

பட்டிமன்றத் தலைப்பு: தொலைக்காட்சித் தொடர்கள் மனிதனைப் பண்படுத்துகின்றனவா? பொழுதைப் பாழாக்குகின்றனவா?
(‘பண்படுத்துகின்றன’ அணியில் பேசியது)

எதிரணியில் அமர்ந்து என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற அன்புச் சகோதரி அவர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, “சீரியல் பார்த்துச் சோறு தீய்ஞ்சு போச்சு, குழம்பு அடிப்பிடிச்சுப் போச்சு”ன்னு பட்டியல் போட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் நடுவர் அவர்களே. டிவி வர்றதுக்கு முன்னாடி நம்ம வீட்ல குழம்பு அடிப்பிடிச்சதே இல்லையா? (சிரிப்பு) அப்ப யாரைக் குற்றம் சொன்னோம்? அடுப்பைச் சொன்னோம். இப்ப டிவியைச் சொல்றோம். சமைச்ச ஆளை அன்னைக்கும் சொன்னதில்லை, இன்னைக்கும் சொல்றதில்லை. சொன்னா மறுநாள் சோறு கிடைக்காது! (பலத்த கைதட்டல்)

நான் சாமல்பட்டிக்காரன். கிருஷ்ணகிரி மாவட்டம், ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவில ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். ஒரு பக்கம் மாந்தோப்பு, ஒரு பக்கம் கல்லு. எங்க பக்கத்துப் பிள்ளைகள் படிச்சு முடிச்சதும் ஓசூர் சிப்காட்டுக்கோ பெங்களூருக்கோ வண்டி ஏறிடுவாங்க. வீட்ல மிச்சம் இருக்கிறது ரெண்டே பேர். ஒண்ணு அம்மா, இன்னொண்ணு மாடு. அந்த அம்மாவையும் மாட்டையும் வைத்துத்தான் நான் இன்று வழக்காட வந்திருக்கிறேன்.

எங்க அண்ணன் மகள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். போன விடுமுறையில் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு வந்து, “ஆத்தா, உனக்கு ஒரு சீரியல் காட்டறேன்”னு உட்கார வைத்தாள். என்ன சீரியல்? இங்கிலாந்தில் எடுத்த மாட்டு டாக்டர் கதை. ‘ஆல் கிரீச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்’ என்று பெயர். எங்க அம்மாவுக்கு இங்கிலீஷில் தெரிந்த ஒரே வார்த்தை ‘ரேஷன் கார்டு’! (சிரிப்பு)

அந்தக் கதையை எழுதியவர் ஜேம்ஸ் ஹெரியட். அது புனைபெயர். சொந்தப் பெயர் ஆல்ஃப் வைட். 1939-ல் கிளாஸ்கோவில் கால்நடை மருத்துவம் முடித்து, யார்க்‌ஷயரில் தர்ஸ்க் என்கிற சின்ன ஊருக்கு வந்து, வாழ்நாளெல்லாம் மாட்டுக் கொட்டகையிலும் ஆட்டுப் பட்டியிலும் உழைத்தவர். ஐம்பது வயதுக்கு மேலேதான் அவருடைய முதல் புத்தகமே வெளிவந்தது. அதை பி.பி.சி. 1978 முதல் 1990 வரை, நடுவில் இடைவெளி விட்டு, தொடராகக் காட்டியது. 2020-ல் இன்னொரு நிறுவனம் புதிதாக எடுத்தது. கொரோனாவில் ஜனங்கள் வீட்டுக்குள்ளே முடங்கிக் கிடந்த நேரம். வில்லி இல்லை, விஷம் வைக்கிற மாமியார் இல்லை. ஒரு மாடு, ஒரு டாக்டர், ஒரு விவசாயி. அதற்குக் கிடைத்தது பெரிய வரவேற்பு!

எங்க சகோதரி கேப்பாங்க, “பார்த்தவன் என்னத்தைச் சாதிச்சான்?” சொல்றேன் கேளுங்க. பார்த்தவன் ரயிலேறி, பஸ் ஏறி அந்தக் கிராமங்களைத் தேடிப் போனான். அந்தப் பகுதிக்கே ‘ஹெரியட் நாடு’ன்னு பேர் வந்துவிட்டது. அவர் வைத்தியம் பார்த்த வீடு இன்றைக்கு அருங்காட்சியகம். ஒரு மாட்டு டாக்டர் வீட்டுக்கு ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள் நடுவர் அவர்களே! நம்ம ஊர்ல மாட்டு டாக்டருக்குப் பொண்ணு கொடுக்கவே யோசிச்ச காலம் ஒண்ணு இருந்தது. “மாப்பிள்ளை டாக்டரா? எந்த டாக்டர்? ஓ... மாட்டு டாக்டரா?” அந்த ‘ஓ’வில் ஒரு கிலோமீட்டர் இழுவை இருக்கும்! (சிரிப்பு)

அந்தத் தொடரில் ஒரு பணக்கார அம்மா. அவங்க வளர்க்கிற குட்டி நாய்க்குக் கேக்கும் இனிப்புமாக ஊட்டி ஊட்டி, நாய் உருண்டை ஆகிவிடும். டாக்டர் தூக்கிக்கொண்டு போய் என்ன வைத்தியம் பார்த்தார்? ஒண்ணுமில்லை. சாப்பாட்டை நிறுத்தி மற்ற நாய்களோடு ஓட விட்டார். நாய் தேறிவிட்டது! ஆனால் அந்த அம்மா, நாய் உடம்பு தேறட்டும் என்று தினம் முட்டை அனுப்பினார்கள், ஒயின் அனுப்பினார்கள், பிராந்தியும் அனுப்பினார்கள். நாய் பட்டினி, டாக்டர் வீட்ல விருந்து! (பலத்த சிரிப்பு) எங்க அம்மா சிரிச்ச சிரிப்பில் வெற்றிலைப் பாக்கு புரையேறிவிட்டது.

அடுத்த காட்சி. நடு ராத்திரி. பசுவுக்குப் பிரசவ வேதனை. கன்று உள்ளே கோணிக் கிடக்கிறது. டாக்டர் சட்டையைக் கழற்றிவிட்டு, குளிரில் மண்தரையில் படுத்து, தோள்வரை கையை உள்ளே விடுகிறார். பழைய தொடரில் நடித்த கிறிஸ்டோபர் டிமொத்தி நிஜப் பசுவுக்குள்ளேயே கையை விட்டு நடித்தவர். கன்று வெளியே வந்ததும், அந்த வீட்டுக்காரர் ஒரு வாளி வெந்நீர், சோப்பு, துண்டு கொண்டுவந்து நீட்டுகிறார். கை கழுவி முடித்ததும் டாக்டரைத் தன் சமையலறை மேசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறார்.

அதைப் பார்த்ததும் எங்க அம்மா சிரிக்கவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள்.

ஏன் போனார்கள் தெரியுமா? 1992 மார்கழி மாசம். எங்க வீட்ல ஒரே ஒரு பசு. அந்தப் பால் பணத்தில்தான் எங்க அண்ணன் ஐ.டி.ஐ. படித்தான், நான் பள்ளிக்கூடம் போனேன். அன்னைக்கு ராத்திரி கன்று முன்னங்கால் மட்டும் வெளியே வந்து நிற்கிறது. தலை பின்பக்கம் மடங்கிக் கிடக்கிறது. இழுத்தால் ரெண்டு உயிரும் போகும். அப்பா சைக்கிளில் போய் டாக்டரை அழைத்து வந்தார். இளம் வயசு. வந்தவர் சட்டையைக் கழற்றினார். சோப்பு நுரை தடவி, கன்றை மெள்ள உள்ளே தள்ளி, தலையைத் தேடிப் பிடித்து நேராக்கி, காலில் கயிறு கட்டி, பசு முக்கும்போது மட்டும் இழுத்தார். ரெண்டு மணி நேரம். கிடேரிக் கன்று உயிரோட விழுந்தது! மூக்கைத் துடைத்து, நெஞ்சைத் தேய்த்து மூச்சு வர வைத்தார்.

அவர் உடம்பெல்லாம் ரத்தம், சாணி. கிணற்றடியில் பச்சைத் தண்ணீரில் தானே கழுவிக்கொண்டார். எங்க அம்மா டீ கொடுத்தார்கள். வாசலிலேயே நின்று குடித்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டவில்லை, அம்மா அந்த டம்ளரை எடுத்துத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். “மாட்டுக்குள்ள கையை விட்ட கை”ன்னு சொன்னாங்க. நானும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன் நடுவர் அவர்களே. மறுநாள் சீம்பால் காய்ச்சித் தெரு முழுக்கக் கொடுத்தோம். கன்றைக் கொடுத்த டாக்டருக்கு ஒரு கரண்டி கொடுக்கவில்லை.

கொல்லைப்பக்கம் போன அம்மா திரும்பி வந்து சொன்னாங்க: “பாவிக, நாம அவருக்கு ஒரு துண்டு குடுக்கலியேடா.”

முப்பது வருஷம் கழித்து! எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்? எந்தச் சாமியார் உபதேசம் பண்ணினார்? பாஷை தெரியாத ஒரு தொடர், ஒரு துண்டைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தது. (நீண்ட கைதட்டல்)

எதிரணி சொல்லலாம், “அது சர்க்கரை தடவிய கதை. நிஜத்தில் அந்த வேலை அவ்வளவு இனிப்பா?” ஒத்துக்கறேன். ஊரையே சிரிக்க வைத்த ஆல்ஃப் வைட் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளானவர் என்று அவர் மகனே எழுதியிருக்கிறார். பிரசவம் பார்க்கிற டாக்டருக்கு மாட்டிடமிருந்து கன்று வீச்சு நோய் தொற்றலாம். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி என்று மாதக்கணக்கில் படுத்தும். தொடர் எல்லாவற்றையும் காட்டாது. ஆனால் கதவைத் திறந்து விடும். உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. மந்தை மந்தையாக மாடுகளை வாரிக்கொண்டு போனது. இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. 2006-ல் இந்தியா அதிலிருந்து விடுபட்டது, 2011-ல் உலகமே விடுபட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த நோய் அது ஒன்றுதான். செய்தவர்கள் யார்? ஊர் ஊராக ஊசிப் பெட்டியோடு அலைந்த இந்த மாட்டு டாக்டர்களும் அவர்களுடைய உதவியாளர்களும்தான். நாம் அவர்களுக்கு என்ன கொடுத்தோம்? அந்த ‘ஓ’வைக் கொடுத்தோம்.

ஒரு கன்றுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைப் பெருமையாகப் பேசுகிற நாம், கன்றைக் காப்பாற்றியவனுக்கு ஒரு துண்டு கொடுக்க மறந்தோம்.

போன மாதம் எங்க வீட்டுப் பசு கன்று போட்டது. 1962-க்குப் போன் போட்டோம். வண்டியில் வந்த டாக்டர் ஒரு இளம்பெண். எங்க அம்மா ஒரு வாளி வெந்நீர் வைத்தார்கள், புது சோப்பு பிரித்தார்கள், பெட்டியில் வைத்திருந்த கோடித்துண்டை எடுத்தார்கள். “உள்ள வந்து உட்காரு கண்ணு”ன்னு கூப்பிட்டாங்க. மறுநாள் சீம்பாலில் முதல் தூக்கு எங்கே போச்சு தெரியுமா? கால்நடை ஆஸ்பத்திரிக்கு!

நடுவர் அவர்களே! ஒரு தொடர் எங்க அம்மாவுக்கு ஒரு மணி நேரத்தைச் செலவாக்கியது. முப்பது வருஷப் பிழையைத் திருத்தியது. இது பொழுதைப் பாழாக்கியதா, மனிதனைப் பண்படுத்தியதா? தீர்ப்பை உங்கள் கையில் விடுகிறேன். (பலத்த கைதட்டல்)